மணமுறிவுக் காலப் பாதுகாப்பு (மும்பை)

வன்முறை செய்யும் கணவரைப் பிரியும் பெண், பிரிவுப் பேச்சு எழுந்த நாள் முதல் தீர்ப்புக்குப் பிந்திய மாதங்கள் வரை தன்னையும் பிள்ளைகளையும் காத்துக்கொள்ளச் செய்யும் ஏற்பாடுகள். வீட்டை விட்டுக் கிளம்பும் நேரமும் அடுத்து வரும் வாரங்களும்தான் பெரும்பாலும் கூடுதல் ஆபத்தானவை. பிடி நழுவுவது கணவருக்கு உறைப்பது அப்போதுதான்.

இதற்கான முதன்மைச் சட்டம் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005; 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் உள்ளது. நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) மனு கொடுத்தால் முதல் விசாரணை வழக்கமாக 3 நாளுக்குள் வர வேண்டும். 60 நாளுக்குள் முடிக்க நடுவர் முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறை அவ்வளவு வேகமில்லை. அதனால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால ஆணை தர வழிசெய்யும் 23ஆம் பிரிவு மிகவும் முக்கியம். கணவர் நெருங்கக் கூடாது, போன் செய்யக் கூடாது, வேலையிடத்துக்கோ பிள்ளையின் பள்ளிக்கோ வரக் கூடாது என்று அதில் கேட்கலாம். ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தாராவியில் சண்டையின் மையம் பல நேரம் வீடுதான். "வீடு என் பேர்ல இருக்கு, வெளிய போ" என்ற மிரட்டலுக்குச் சட்டத்தில் இடமில்லை. யார் பேரில் இருந்தாலும் கூடிவாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. மாமனார், மாமியார் பேரில் உள்ள வீடும் இதில் அடங்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடிசை மறுவாழ்வுத் திட்ட வீடு கணவன், மனைவி இருவருக்கும் கூட்டாகவே உரியது. எனவே கையெழுத்துக் கேட்டு வரும் எந்தத் தாளையும் வக்கீல் பார்க்காமல் தொடக் கூடாது.

இந்தச் சட்டத்தின் 2006 விதிகளில் ஐந்தாம் படிவமாக ஒரு பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. பட்ட வன்முறை, அதன் விளைவு, இனி அஞ்சுவது, தேவையான நடவடிக்கை, கேட்கும் ஆணை எனப் பத்தி பத்தியாக நிரப்ப வேண்டியது. நல்ல படிவம், கேட்டு வாங்குவோர்தான் குறைவு. பத்துக்குப் பத்து அறையில் எதையும் ஒளித்து வைக்க முடியாது என்பதால் ஆதார், ரேஷன் அட்டை, திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, நகை ரசீது ஆகியவற்றின் நகல்களை நம்பிக்கையான ஒருவரிடம் முன்கூட்டியே கொடுத்து வைப்பதே வழி. போனில் வாட்ஸ்அப் வேறு எந்தக் கருவியில் திறந்திருக்கிறது, இருப்பிடம் யாருக்குப் பகிரப்படுகிறது என்றும் பார்க்க வேண்டும். கணவர் அறிந்த கடவுச்சொற்களையும் யுபிஐ பின்னையும் மாற்ற வேண்டும். ஆனால் கிளம்பிய பிறகு. முன்பே மாற்றினால் சந்தேகம் கிளம்பும்.

உதவி அமைப்புகளில் மும்பைக்கு நெடிய வரலாறு உண்டு. செம்பூரை அடுத்த தேவனாரில் உள்ள டாடா சமூக அறிவியல் கழகம், 1984இல் நகரக் காவல் துறையோடு சேர்ந்து பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவைத் தொடங்கியது. பாந்திரா பாபா மருத்துவமனையில் 2000ஆம் ஆண்டளவில் உருவானது வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான 'திலாசா' மையம். சயான் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் 1999இல் நிறுவிய 'ஸ்நேஹா' அமைப்பு, தாராவிப் பெண்களையே தன்னார்வலர்களாகப் பயிற்றி வருகிறது. அடிபட்டதும் மருத்துவமனைக்குப் போனால், "கீழே விழுந்துவிட்டேன்" என்னாமல் அடித்தவர் யார் என்பதைக் கேஸ் பேப்பரில் எழுதச் சொல்வது பின்னால் வழக்கைத் தாங்கும். வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால், வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, மும்பைக் காவல் துறையில் 103.

மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் பிரிவு என்றால் பெரும்பாலும் ஊருக்கு ரயிலேறுவதுதான். திருநெல்வேலிக்குப் போன பெண், தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் அங்குள்ள நடுவரிடமே மனு கொடுக்கலாம். கணவர் பாந்திரா குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்துக் கேட்டால், வழக்கைத் தன் மாநிலத்துக்கு மாற்றக் கோரி உச்ச நீதிமன்றத்தை அணுகலாம். ஆனால் "பெரியவங்க பேசி முடிச்சிடலாம்" என்று ஊர்ப் பஞ்சாயத்தில் அடித்தவர் முன் உட்காரவைப்பதில், அவர் புதிய முகவரியை அறிந்துகொள்ளும் ஆபத்தும் இருக்கிறது.

பிள்ளையைப் பார்க்க வரும் நாள் இன்னொரு கண்ணி. சந்திப்பு பிள்ளைக்குக் கேடு என்று தோன்றினால் நடுவர் அதை மறுக்கலாம். அனுமதித்தாலும் மூன்றாம் ஒருவர் முன்னிலையில், வீடல்லாத இடத்தில் என்று வரையறுத்துக் கேட்பது நல்லது. விவாகரத்துக் கிடைத்துவிட்டது என்பதால் மட்டும் பாதுகாப்பு ஆணை காலாவதியாவதில்லை; சூழ்நிலை மாறியதாகக் கண்டு நடுவர் திருத்தவோ நீக்கவோ செய்தால் தவிர, பெண் தானே விலக்கக் கேட்கும்வரை அது நீடிக்கும். ஆணையின் நகல் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கு இலவசமாகப் போக வேண்டும் என்பது சட்டம். போய்ச் சேர்ந்ததா என்று நேரில் கேட்டு உறுதிசெய்துகொள்வது வழக்கறிஞர்கள் சொல்லும் முதல் வேலை.