சாமியார் சொல்லிக்கொடுக்காத மொழி

மெக்சிகோ, பெரு, கொலம்பியா, அர்ஜென்டினா... ஸ்பெயின் ஆண்ட நாடுகள் பெரும்பாலானவற்றில் இன்றைக்கும் ஸ்பானிஷ்தான் பேசுகிறார்கள். ஆனால் பிலிப்பைன்ஸில்? 1565-ல் லெகாஸ்பி வந்து சேபுவில் குடியேற்றம் அமைத்ததிலிருந்து 1898 வரை 333 வருடம் அங்கே ஸ்பெயின் ஆட்சி. மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள் ஆனார்கள். 1849-ல் கவர்னர் ஜெனரல் கிளாவெரியா ஒரு பட்டியலை அனுப்பி, குடும்பப் பெயர்களைக்கூட அதிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். மதம் வந்தது, பெயர் வந்தது. மொழி மட்டும் வரவில்லை. ஏன்?

ஒரு காரணம் தூரம். மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து பசிபிக் கடலைத் தாண்டி மணிலாவுக்கு வந்து குடியேறிய ஸ்பானியர்கள் மிகக் குறைவு. பெரும்பாலான ஊர்களில் மக்கள் கண்ணால் பார்த்த ஒரே ஸ்பானியர் பங்குச் சாமியார்தான். இன்னொரு காரணம் அந்தச் சாமியாரின் கையில் இருந்த பள்ளிக்கூடம். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று நினைக்காதீர்கள். தன் காலனிகளின் மக்களுக்கு ஸ்பானிஷ் கற்பிக்க வேண்டும் என்று 1550-லேயே ஸ்பெயினிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. 1770-ல் மூன்றாம் சார்லஸ் மன்னர் மறுபடியும் உத்தரவு போட்டார். ஆனால் துறவு சபைச் சாமியார்களின் வழி வேறு. மக்கள் ஸ்பானிஷ் படிப்பதற்குப் பதில் இவர்கள் மக்களின் மொழியைப் படித்தார்கள். 1593-ல் மணிலாவில் அச்சான ஞானோபதேசப் புத்தகத்தில் ஸ்பானிஷோடு தகாலோகும் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், தகாலோக் மக்கள் ஸ்பானிஷ் கற்றுக்கொள்ள 1610-ல் ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் சாமியார் அல்ல, தோமாஸ் பின்பின் என்ற உள்ளூர் அச்சுக்காரர்!

பெரிய மாற்றம் 1863 டிசம்பரில் வந்த சட்டம். ஒவ்வொரு ஊரிலும் பையன்களுக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு ஒன்று என்று ஆரம்பப் பள்ளி இருக்க வேண்டும். பாடம் ஸ்பானிஷில் நடக்க வேண்டும். ஏழைகளுக்குக் கட்டணம் கிடையாது. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க 1865-ல் மணிலாவில் சேசு சபையினர் ஒரு பயிற்சிப் பள்ளியும் திறந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால் ஊர்ப் பள்ளியை மேற்பார்வை செய்யும் அதிகாரம் யாருக்கு? அதே பங்குச் சாமியாருக்கு!

விளைவை ஹோசே ரிசால் 1887-ல் பெர்லினில் அச்சிட்ட 'நோலி மே தாங்கெரே' நாவலில் காட்டுகிறார். ஊர் வாத்தியார் ஒருவர், சாமியார் வீட்டின் கீழ்த்தளத்தில், அவருடைய வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பாடம் நடத்துகிறார். பிள்ளைகள் ஸ்பானிஷ் புத்தகங்களை அர்த்தம் தெரியாமல் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறார்கள். வாத்தியார் எளிய சொற்களைக் கொண்டு மொழியைப் புரியவைக்க முயற்சி செய்கிறார். சாமியார் அவரைக் கூப்பிட்டு, உன் மொழியிலேயே பேசு, ஸ்பானிஷ் உங்களுக்கானது இல்லை என்கிற மாதிரி அவமானப்படுத்தி அனுப்புகிறார். இது நாவல்தான். ஆனால் படித்தவர்களுக்கு அது கதையாகத் தோன்றவில்லை. சாமியார்களுக்கு வந்த கோபமே அதற்குச் சாட்சி.

அப்படியானால் கத்தோலிக்கப் பள்ளி என்றாலே இப்படித்தானா? இல்லை. மணிலாவில் ஸ்பானியக் குழந்தைகளுக்காக இருந்த ஒரு சின்ன ஆரம்பப் பள்ளியை 1859-ல் சேசு சபையினர் எடுத்து நடத்தினார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். 1865-ல் அது அதெனேயோ முனிசிபால் ஆனது. வகுப்பை ரோம், கார்த்தேஜ் என்று இரண்டு சாம்ராஜ்யங்களாகப் பிரித்துப் போட்டி வைப்பார்கள். 1872-ல் சேர்ந்த ரிசாலுக்கு அப்போது வயது 11. கடைசி இடத்தில் ஆரம்பித்தவர், ஒரே மாதத்தில் 'சக்கரவர்த்தி' ஆகிவிட்டார். ஸ்பானிஷ் போதவில்லை என்று, மூன்று பெசோ கட்டணம் கொடுத்து இடைவேளையில் வேறொரு பள்ளிக்கும் போனார். ஆக, கற்பிக்க முடியாத மொழி ஒன்றும் இல்லை அது. கற்பிக்க மனம்தான் வேண்டும்.

மனம் ஏன் இல்லை? சட்டம், மனு, நீதிமன்றம், வரி எல்லாமே ஸ்பானிஷில். ஊர்க்காரனுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவே நின்று பேசியவர் சாமியார். பிள்ளைகள் அந்த மொழியைப் படித்துவிட்டால் நடுவில் ஆள் எதற்கு? 1888 டிசம்பரில் மாலோலோஸ் ஊரின் இளம்பெண்கள், ஸ்பானிஷ் படிக்க இரவுப் பள்ளி வேண்டும் என்று கவர்னர் ஜெனரல் வெய்லரிடம் நேரிலேயே மனு கொடுத்தார்கள். ஊர்ச் சாமியார் எதிர்த்தார். 1889-ல் அனுமதி கிடைத்தது. ஆனால் பள்ளி சில மாதம்தான் தாக்குப்பிடித்தது. அந்தப் பெண்களைப் பாராட்டி ரிசால் லண்டனிலிருந்து ஒரு கடிதம் எழுதினார், தகாலோக் மொழியில்!

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. சாமியார்கள் எழுதிய இலக்கணங்களும் அகராதிகளும் இல்லாவிட்டால் அந்த நாட்டு மொழிகளைப் பற்றிய பல பழைய செய்திகள் நமக்குக் கிடைத்திருக்காது. ரிசாலுக்கே இரண்டு மனம். 1891-ல் வந்த அவருடைய அடுத்த நாவலில் மாணவர்கள் ஸ்பானிஷ் கல்விக்கூடம் கேட்டுப் போராடுகிறார்கள். சிமோன் என்ற பாத்திரமோ, அந்நிய மொழியைக் கேட்டு வாங்கி உங்கள் சிந்தனையையும் அடகு வைக்காதீர்கள் என்ற பொருளில் அவர்களைச் சாடுகிறது. என்னைக் கேட்டால், சொந்த மொழியில் படிப்பது உரிமை. இன்னொரு மொழியைப் படிக்கவிடாமல் தடுப்பது அந்த உரிமையைக் காப்பாற்றுவது ஆகாது.

சாமியார்களின் பயம் வீண் போகவில்லை என்பதுதான் வரலாற்றின் கிண்டல். எப்படியோ அந்த மொழியைப் படித்துவிட்ட கொஞ்சம் பேர் நாவல் எழுதினார்கள், 'லா சொலிதாரிதாத்' பத்திரிகை நடத்தினார்கள். 1899-ல் சுதந்திரக் குடியரசின் அரசியல் சட்டத்தையும் அதே ஸ்பானிஷில்தான் எழுதினார்கள்! 1901-ல் 'தாமஸ்' கப்பலில் சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்கள் வந்து இறங்கினார்கள். 333 வருடத்தில் ஸ்பானிஷ் எட்டாத இடங்களுக்கு ஆங்கிலம் சில பத்தாண்டுகளில் போய்ச் சேர்ந்தது. 1987 அரசியல் சட்டத்தில் ஸ்பானிஷ் ஆட்சிமொழியாகக்கூட இல்லை, விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்.

ஒரு மொழியைத் திணிப்பது பற்றி நிறையப் படித்திருக்கிறோம். ஒரு மொழியை மறுப்பதும் ஆட்சி செய்யும் வழிதான் என்பதை பிலிப்பைன்ஸின் அந்தச் சின்னப் பள்ளிக்கூடங்கள் சொல்கின்றன.