சீட்டின் மூலையில் ஒரு இனிஷியல்



நம் குடியிருப்பிலும் டாரட் சீட்டு வந்துவிட்டது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் ஆன்லைனில் வரவழைக்கிறார்கள். "இது என்னங்க, சீட்டாட்டமா, ஜோசியமா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். "மலிவாகவும் இருக்கு, பத்து மடங்கு விலையிலும் இருக்கு, எதை வாங்குறதுங்க?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் பதில் இந்தச் சீட்டின் வரலாற்றில் இருக்கிறது. வங்கியில் கணக்கு எழுதியே காலம் கழித்த நான் உங்களுக்குக் குறி சொல்லப் போவதில்லை. படத்தை யார் வரைந்தார்கள், காசு யாருக்குப் போனது என்ற கணக்கைத்தான் சொல்லப் போகிறேன். பனியன் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கணக்கு சட்டென்று புரியும்.

முதலில் ஆட்டம், பிறகுதான் ஜோசியம்

ஒரு டாரட் கட்டில் 78 சீட்டுகள். அவற்றில் 56 சீட்டுகள் நம் வீட்டுச் சீட்டுக்கட்டைப் போலவே நான்கு வகை: கோப்பை, நாணயம், வாள், கோல். வகைக்கு 14. மீதி 22 தனிப் படங்கள்: சூரியன், நிலா, பேரரசி, அதிர்ஷ்டச் சக்கரம், கோபுரம், மரணம் என்று போகும்.

சீட்டுக்கட்டு ஐரோப்பாவுக்குள் நுழைந்தது 1370களில். எகிப்தை அப்போது ஆண்ட மம்லூக் சுல்தான்களின் நாட்டிலிருந்து அது போய்ச் சேர்ந்தது. 15ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் வட இத்தாலியில் அதோடு 22 படச் சீட்டுகளைச் சேர்த்து ஒரு துருப்பு ஆட்டம் ஆடினார்கள். மிலானை ஆண்ட விஸ்கோன்தி, ஸ்ஃபோர்ட்சா குடும்பங்களுக்காகப் பொன் தகடு ஒட்டிக் கையால் வரைந்த சீட்டுகளில் ஒரு பகுதியை இன்றும் நியூயார்க்கின் மோர்கன் நூலகத்தில் பார்க்கலாம். பெரிய இடத்துப் பொழுதுபோக்கு, அவ்வளவுதான்.

ஜோசியம் 18ஆம் நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டது. 1781இல் பாரிஸில் கூர் த ஜெப்லான் என்ற அறிஞர், இது பழைய எகிப்தின் ஞானநூல் என்று எழுதினார். எகிப்தின் பட எழுத்தை ஷாம்போலியன் படித்துக் காட்டியதே 1822இல்தான். அதாவது, எழுத்தே படிக்கத் தெரியாத காலத்தில் சொன்ன கதை. ஆனாலும் கதை ஓடியது. எத்தெய்யா என்ற பெயரில் எழுதியவர் 1785இல் குறி பார்க்கும் முறையைப் புத்தகமாகப் போட்டார். 1789இல் அதற்கென்றே ஒரு சீட்டுக்கட்டும் வெளியிட்டார். எகிப்துக் கதைக்கு ஆதாரம் இல்லை என்பதை ஆக்ஸ்ஃபோர்டின் தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மெட் 1980இல் ஒரு பெரிய நூலாகவே எழுதி நிறுவினார். ஆகவே, "ஐயாயிரம் வருடப் பழமை" என்று பெட்டியில் போட்டு யாராவது விற்றால், விலையில் ஒரு பங்கு அந்தக் கதைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துச் சீட்டு

நமக்கும் ஒரு படச்சீட்டு உண்டு. பெயர் கஞ்சிஃபா. பாபர் 1527இல் சிந்துவுக்குக் கஞ்சிஃபா சீட்டு அனுப்பியதைத் தன் குறிப்பில் எழுதியிருக்கிறார். அக்பரின் அவையில் ஆடியதை அபுல் ஃபசல் விவரித்திருக்கிறார். பெரும்பாலும் வட்ட வடிவம். ஒவ்வொன்றும் கையால் வரைந்து அரக்கு பூசியது. தசாவதாரக் கட்டில் மச்சம் முதல் கல்கி வரை பத்து வகை, வகைக்கு 12, ஆக 120 சீட்டுகள்.

நம் கொங்கு நாடு 1799 வரை மைசூர் ஆட்சியில் இருந்தது உங்களுக்குத் தெரியும். அந்த மைசூரில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) சீட்டாட்டத்தில் ஒரு பெரிய ரசிகர். தானே புதிய ஆட்டங்களை வகுத்தார். அவற்றில் ஒன்றான சாமுண்டேஸ்வரி ஆட்டத்துக்கு 320 சீட்டுகள்! மைசூர் கஞ்சிஃபாவுக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. இந்தச் சீட்டில் யாரும் குறி பார்க்கவில்லை. அவதாரக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

குறி பார்த்தது கிளி. பேருந்து நிலையத்திலும் கோயில் வாசலிலும் கிளி ஜோசியர் பரப்பி வைத்த அட்டைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முருகன், லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, புத்தர் என்று கிளி எடுத்துக் கொடுக்கும் படத்தை வைத்து அவர் பேசுவார். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கிளியைக் கூண்டில் அடைத்து வைப்பது குற்றம். அதனால் அந்தக் காட்சி அருகிவிட்டது, கிளிக்கு நல்லதுதான்.

ஒரு படத்தையோ பொருளையோ வைத்து யோசிக்கும் பழக்கம் நம் மாவட்டத்தில் இன்னும் உயிரோடு இருப்பது சிவன்மலையில். அங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவரின் கனவில் வந்த பொருளை, சுவாமியிடம் பூப் போட்டு உத்தரவு கேட்டு, கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். மஞ்சள் வைத்தால் காங்கேயம் முதல் ஈரோடு வரை பேச்சு கிளம்பும்: விலை ஏறுமா, இறங்குமா? பெட்டியில் இருப்பது ஒரே மஞ்சள். இருப்பு வைத்திருப்பவர் ஒன்று சொல்வார், வாங்கப் போகிறவர் வேறொன்று சொல்வார். டாரட் படமும் இப்படித்தான் பேசுகிறது. பார்க்கிறவர் மனதில் ஓடுவது அந்தப் படத்தின் வழியாக வெளியே வருகிறது.

அப்படியானால் படம் நன்றாக இருக்க வேண்டும் அல்லவா? அதை வரைந்தவரிடம் வருவோம்.

ஒரு பெரிய வேலை, கொஞ்சம் காசு

உலகில் மிக அதிகம் விற்ற டாரட் கட்டு 1909இல் லண்டனில் வெளிவந்தது. "ரைடர் வெய்ட்" என்று அழைத்தார்கள். ரைடர் என்பது பதிப்பகம். ஆர்தர் எட்வர்ட் வெய்ட் என்பவர் திட்டம் போட்டுக் கொடுத்து, கூடவே விளக்க நூலும் எழுதியவர். வரைந்தவர் பெயர் அதில் இல்லை. அவர் பமேலா கோல்மன் ஸ்மித். 1878இல் லண்டனில் பிறந்து, சிறுவயதில் சில காலம் ஜமைக்காவில் வளர்ந்து, நியூயார்க்கின் புரூக்ளினில் ஓவியம் படித்த பெண். புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1907இல் நியூயார்க்கில் தன் கூடத்தில் இவருடைய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அதுவரை அங்கே புகைப்படங்களுக்கு மட்டும்தான் இடம்.

இவர் செய்த வேலை எப்படிப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு சீட்டைப் பாருங்கள். பழைய பிரெஞ்சுக் கட்டில் நாணயம் எட்டு என்றால் எட்டு வட்டங்கள், சுற்றி ஒரு கொடி. பமேலா அதே சீட்டில் ஒரு கைவினைஞரை உட்கார வைத்தார். மர பெஞ்சில் அமர்ந்து, சுத்தியும் உளியும் கொண்டு நாணயத்தில் நட்சத்திரம் செதுக்குகிறார். முடித்தவை பக்கத்துத் தூணில் வரிசையாகத் தொங்குகின்றன. எல்லாம் ஒரே அளவு, ஒரே அச்சு. ஊர் தூரத்தில் தெரிகிறது. அவர் தலை நிமிரவில்லை. ஓவர்லாக் மெஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்து பீஸ் எண்ணும் ஒருவரைத் தெரிந்தவர்களுக்கு இந்தச் சீட்டை விளக்கப் புத்தகம் வேண்டியதில்லை.

இப்படி 40 எண் சீட்டுகளுக்கும் மனிதர்களையும் காட்சிகளையும் கொடுத்தார். இதற்கு முன்மாதிரி ஒன்று இருந்தது. 1491ஐ ஒட்டிய சோலா புஸ்கா என்ற இத்தாலியக் கட்டின் புகைப்படங்கள் 1907இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்திருந்தன. ஆனால் அதைப் பொதுமக்கள் வாங்கும் அச்சுச் சீட்டாக, யார் பார்த்தாலும் கதை சொல்லும் படங்களாக ஆக்கியவர் பமேலா. இன்று கடையில் இருக்கும் புதிய கட்டுகளில் பெரும்பாலானவை அவர் போட்ட அந்தக் கட்டிங்கை வைத்துத்தான் தைக்கப்படுகின்றன.

வேலை முடிந்ததும் 1909 நவம்பரில் ஸ்டீக்லிட்ஸுக்குக் கடிதம் எழுதினார். பெரிய வேலை ஒன்றை முடித்துவிட்டதாகவும், கிடைத்த காசு மிகக் குறைவு என்றும் அதில் சொல்லியிருக்கிறார். ராயல்டி அவருக்கு வரவில்லை. நம் ஊர் மொழியில் சொன்னால் ஜாப் ஒர்க்: பீஸுக்குக் கூலி, லேபிள் வேறொருவருடையது. 1951இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பியூட் என்ற கடலோர ஊரில் இறந்தார். கடனை அடைக்க அவருடைய பொருட்களை விற்றார்கள். அந்த அசல் ஓவியங்கள் இன்று எங்கே என்று தெரியவில்லை.

ஒன்றை மட்டும் அவர் விட்டுவைத்தார். ஒவ்வொரு சீட்டிலும் தன் பெயரின் மூன்று எழுத்துகளைப் பாம்புபோல் வளைத்து ஓர் ஓரத்தில் போட்டார். வங்கியில் ஒவ்வொரு வவுச்சரிலும் இனிஷியல் போடுவோம். எத்தனை வருடம் கழித்து எடுத்தாலும் யார் கை பட்டது என்பது தெரியும். அந்த இனிஷியல்தான் அவரைக் காப்பாற்றியது. நூற்றாண்டு நிறைந்தபோது, 2009இல், அமெரிக்கப் பதிப்பாளர் அவர் பெயரிலேயே நினைவுப் பதிப்பு வெளியிட்டார். இப்போது "ஸ்மித் வெய்ட்" என்று அச்சிட்ட கட்டுகளும் கிடைக்கின்றன. பெயர் பெட்டிக்கு மேல் ஏற 100 ஆண்டுகள் ஆயின.

நம் பக்கம் இதற்கு மாறான ஒன்றும் நடந்தது. கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976) நாடகத் திரைச்சீலை எழுதத் தொடங்கி, சிவகாசியில் அச்சான சாமிப் படக் காலண்டர்கள் வழியாக வீடுவீடாகப் போனார். அவரும் அவருடைய சீடர்களும் படத்தின் ஓரத்தில் பெயர் எழுதினார்கள். கும்பிடும் படத்திலேயே பெயர் இருந்ததால் அவர்களை மறக்க வழியில்லாமல் போனது. கிளி ஜோசிய அட்டையை வரைந்தவர்கள் எத்தனை பேரோ, அதில் பெயர் போட்ட அட்டையை நான் பார்த்ததே இல்லை.

வாங்கும்போது என்ன பார்ப்பது

முதலில் பெயர். பெட்டியைத் திருப்பி ஓவியரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். காதர்பேட்டையில் நம்மால் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸையும் டூப்ளிகேட் லேபிளையும் பிரித்துச் சொல்ல முடிகிறது. டாரட்டிலும் அதே கதைதான். மிக மலிவாக வரும் பல கட்டுகள் போலி. ஓவியரின் பெயர் இருக்காது, விளக்கப் புத்தகத்துக்குப் பதில் ஒரு க்யூஆர் கோடு இருக்கும், படம் மங்கலாக இருக்கும். அதில் ஒரு ரூபாய்கூட வரைந்தவருக்குப் போகாது. கணினியே உருவாக்கிய படங்களும் இப்போது வருகின்றன. கைவிரல்களை எண்ணிப் பாருங்கள், சில நேரம் அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது அட்டை. துணிக்குப் பார்க்கும் அதே ஜி.எஸ்.எம். இதற்கும் உண்டு. டி-ஷர்ட் துணிக்கு 160, 180 பார்ப்போம். சீட்டுக்கு 300 முதல் 350 வரை இருந்தால் வளையும், மடியாது. பளபளப்பு லேமினேஷன் விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கூசும். மேட் லேமினேஷன் படம் பார்க்க வசதி. வழக்கமான அளவு 70க்கு 120 மில்லிமீட்டர். சின்னக் கை என்றால் கலைப்பது சிரமம், சிறிய அளவை வாங்குங்கள்.

மூன்றாவது எண் சீட்டுகள். சூரியனையும் நிலாவையும் எல்லோரும் அழகாக வரைவார்கள், விளம்பரத்திலும் அவைதான் வரும். நாணயம் எட்டு, கோப்பை ஐந்து மாதிரி சாதாரணச் சீட்டுகளைத் தேடிப் பாருங்கள். அங்கே உழைப்பு தெரிந்தால் கட்டு முழுவதும் உழைத்திருக்கிறார் என்று பொருள். கிம் கிரான்ஸ் வரைந்த "வைல்டு அன்னோன்" கட்டில் மனிதர்களே இல்லை, விலங்குகளும் மரங்களும்தான். லிசா ஸ்டெர்லின் 2019ஆம் ஆண்டின் "மாடர்ன் விட்ச்" பமேலாவின் காட்சிகளையே இன்றைய நகரத்துப் பெண்களைக் கொண்டு திரும்ப வரைகிறது. இரண்டிலும் வரைந்தவர் பெயர் தெளிவாக இருக்கிறது. எது பிடிக்கும் என்பது அவரவர் கண்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை சீட்டு வாங்கியதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வேலைக்கும் கல்யாணத்துக்கும் சீட்டைப் பார்த்து முடிவெடுத்தால் தடுத்துப் பேசுங்கள், அதற்காகப் பணம் கட்டச் சொன்னால் உறுதியாகத் தடுங்கள். படம் பார்க்க வாங்கியிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு சீட்டை எடுத்துப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பூஜை அறையிலோ பரணிலோ பழைய காலண்டர் சாமி படம் கண்ணாடிச் சட்டத்தில் இருக்கும். அதன் கீழ் ஓரத்தில் துடைத்துப் பாருங்கள். பெயர் ஏதாவது தெரிந்தால், போட்டோ எடுத்துச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். நம் குடியிருப்பின் சுவர்களில் யார் யாருடைய கைவேலை இருக்கிறது என்று அடுத்த இதழில் ஒரு பட்டியல் போடலாம்.