விருப்பாச்சி வாழை

விருப்பாச்சி வாழை என்பது தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில், கீழ்ப்பழனி மலைப்பகுதியில் நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டுவரும் மலைவாழை வகை ஆகும். பழனி பஞ்சாமிர்தத்திற்குரிய பழம் இதுவே. நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வட்டாரங்களில் 'மலைப்பழம்' என்றால் பெரும்பாலும் இதனையோ, இதன் நெருங்கிய உறவான சிறுமலை வாழையையோ குறிக்கும்.

பெயர்

விருப்பாச்சி என்பது ஒட்டன்சத்திரத்திற்கும் பழனிக்கும் இடையே மலையடிவாரத்தில் உள்ள ஓர் ஊர். சிவனின் பெயர்களுள் ஒன்றான விரூபாட்சன் என்பதன் மரூஉவாக இவ்வூர்ப்பெயரைக் கொள்ளலாம். ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு, 1801 இல் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரர் கோபால நாயக்கரின் ஊரும் இதுவே. ஊரின் பெயர் பழத்திற்கு ஆகிவந்தது. இன்று ஊரை அறியாதோரும் பழத்தை அறிவர்.

இயல்புகள்

தாவரவியலார் இதனை 'போம்' என்னும் துணைக்குழுவில் சேர்ப்பர். பிரேசில் நாட்டில் பெருமளவில் விளையும் பிராட்டா வாழையும் இக்குழுவைச் சேர்ந்ததே. விருப்பாச்சி வாழை கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 முதல் 1,500 மீட்டர் வரை உயரமுள்ள சரிவுகளில், காப்பித் தோட்டங்களில் நிழல்மரங்களுக்கிடையே, மழைநீரை மட்டுமே நம்பி வளர்கிறது. சமவெளி வாழையைப் போல ஓரிரு போகத்தில் அழிக்கப்படாமல், பக்கக்கன்றுகள் மூலம் பல ஆண்டுகள் விடப்படுகிறது.

காய்கள் சற்று வளைந்தும் விளிம்புகள் புடைத்தும் இருக்கும். சதையில் ஈரப்பதம் குறைவு. நன்கு பழுத்துத் தோல் சுருங்கிய பின்னும் குழைவதில்லை. சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் ஆகியவற்றுடன் பிசையப்படும் பஞ்சாமிர்தம் நாட்பட்டும் கெடாதிருப்பதற்கு இவ்வியல்பும் துணைசெய்கிறது. நீர் மிகுந்த பழங்களைக் கொண்டு இப்பதத்தைப் பெறுவது கடினம்.

முடிக்கொத்து நோய்

இவ்வகையை ஏறத்தாழ அழித்தது முடிக்கொத்து நோய் ஆகும். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிசித் தீவுகளில் அறியப்பட்ட இத்தீநுண்ம நோய், இலங்கை வழியாக 1940 ஆம் ஆண்டளவில் கேரளத்தை அடைந்து, பின்னர் பழனி மலைக்கும் பரவியது. நோயுற்ற மரத்தின் இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாகத் திரளும், தார் ஈனாது. இதற்கு மருந்து இல்லை. மரத்தைக் கிழங்கோடு அகற்றி அழிப்பதே வழி.

வாழை அசுவினி என்னும் சிறு பூச்சி நோயை மரத்திற்கு மரம் கொண்டுசெல்கிறது. ஆனால் தோட்டத்திற்குத் தோட்டம் கொண்டுசென்றவர்கள் மனிதர்களே. இவ்வாழைக்கு விதை இல்லை. கன்று பெயர்த்தே நடவேண்டும். நல்ல தாரைக் கண்டு விரும்பி வாங்கிய கன்றுடன் நோயும் சேர்ந்தே வந்தது. பல்லாண்டுப் பயிராதலால் நோயுற்ற மரங்களும் தோட்டத்திலேயே நின்றுவிட்டன. 1970களில் சுமார் 18,000 எக்டேராக இருந்த மலைவாழைப் பரப்பு, பின்னர் 2,000 எக்டேர் அளவிற்குச் சுருங்கியதாகக் குறிப்பிடப்படுகிறது.

மீட்பு

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் திசு வளர்ப்பு முறையில் நோயற்ற கன்றுகளை உருவாக்கி மலைவாழை விவசாயிகளுக்கு வழங்கியது. நட்ட கன்று தூயதாயினும், அருகில் ஒரு பழைய நோய்மரம் நின்றால் அசுவினி அதனை மீண்டும் தொற்றச்செய்யும். எனவே ஒருவர் மட்டும் தம் தோட்டத்தைத் தூய்மை செய்வதால் பயனில்லை; சரிவு முழுவதிலும் உள்ளோர் ஒருசேரச் செய்யவேண்டியுள்ளது.

விருப்பாச்சி, சிறுமலை ஆகிய இரு வாழைகளும் 2008–09 இல் புவிசார் குறியீடு பெற்றன. பழனி பஞ்சாமிர்தம் இக்குறியீட்டை 2019 இல் பெற்றது.