கணினி விளையாட்டுச் சொற்களின் இலத்தீன் வேர்கள்

கணினி, கைப்பேசி விளையாட்டுகளில் புழங்கும் ஆங்கிலச் சொற்கள் பலவற்றுக்கு மூலம் இலத்தீன். பல சொற்கள், நார்மானியர் 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சு வழியே ஆங்கிலத்தில் புகுந்தவை. சிலவற்றை விளையாட்டை உருவாக்கியவர்களே தேடி எடுத்தார்கள்.

‘லெவல்’ என்பதன் மூலம் ‘லிபெல்லா’. தராசைக் குறிக்கும் ‘லிப்ரா’வின் சிறுவடிவம் அது, இன்றைய கொத்தனாரின் ரசமட்டம் செய்யும் வேலையைச் செய்த கருவியின் பெயர். ‘ஹரேனா’ என்றால் மணல். உரோமை வட்டரங்குகளில் சிந்தும் இரத்தத்தை உறிஞ்ச மணல் பரப்பினார்கள். அதுவே களத்தின் பெயராகி ‘அரீனா’ ஆயிற்று.

பிறந்த கதை தெளிவாகத் தெரியும் சொல் ‘மாப்’. மைன்கிராஃப்ட் ஆடும் பிள்ளைகள் ஜோம்பியையும் மாப் என்பார்கள், ஆட்டையும் மாப் என்பார்கள். எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா 1978இல் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’ என்ற எழுத்துவழி விளையாட்டில், தானாக நகர்பவை ‘மொபைல்’ எனப்பட்டன. அதன் சுருக்கமே மாப். வேர், நகரக்கூடியது எனப் பொருள்படும் ‘மோபிலிஸ்’. கும்பலைக் குறிக்கும் ஆங்கில ‘மாப்’ வேறு. அது 17ஆம் நூற்றாண்டில் ‘மோபிலே வுல்குஸ்’ (நிலையற்ற கூட்டம்) என்ற தொடரின் சுருக்கமாகத் தனியே பிறந்தது. ஒரு வேர் இருமுறை ஒரே வடிவில் சுருங்குவது சொல்வரலாற்றில் அரிது.

மைன்கிராஃப்டில் வரும் ‘அப்சிடியன்’ என்ற கல்லின் பெயர் ஒரு பிழையின் எச்சம். எத்தியோப்பியாவில் ஓப்சியுஸ் என்பவர் கண்டெடுத்த கல் என்று உரோமை எழுத்தாளர் பிளினி எழுதினார். பிரதிகளில் நேர்ந்த திரிபால் பெயருக்குள் ‘டி’ நுழைந்து நிலைத்துவிட்டது.

‘அமங் அஸ்’ (2018) விளையாட்டின் ‘இம்போஸ்டர்’, மேலே ஏற்றிவைத்தல் என்னும் ‘இம்போனெரே’யிலிருந்து வந்தது. தான் செய்த கொலையை அடுத்தவர் தலையில் கட்டுவதே அந்தப் பாத்திரத்தின் வேலை என்பதால் வேர்ப்பொருள் அப்படியே பொருந்துகிறது. அதை ஆடுவோர் சந்தேகத்துக்குரியவரைச் சுட்டச் சொல்லும், ‘சஸ்பெக்ட்’டின் சுருக்கமான ‘சஸ்’ஸுக்கு வேர், கீழிருந்து பார்த்தல்.

அறிந்தே இலத்தீனைக் கையாண்டதில் ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ (2010) முதன்மையானது. அதில் வரும் படையினர் தம் தலைவர் சீசரைப் பழைய ஒலிப்பில் ‘கைசர்’ என்கிறார்கள். ஒற்றர்களுக்குப் பெயர் ‘ஃப்ரூமென்டாரி’. உரோமைப் படைக்குத் தானியம் திரட்டப் போனவர்களே பிற்காலத்தில் பேரரசரின் உளவாளிகளானார்கள் என்ற உண்மை வரலாறு அப்பெயரில் இருக்கிறது. அந்த ஒற்றர்களின் தலைவன் பெயர் வுல்பெஸ், அதாவது நரி.

மானா, அவதார், லூட் ஆகியவற்றை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. முதலாவது பசிபிக் தீவு மொழிகளிலிருந்தும், இரண்டாவது சமஸ்கிருதத்திலிருந்தும், மூன்றாவது இந்தியிலிருந்தும் ஆங்கிலத்துக்குச் சென்றவை.