கூட்டு மருந்து மாறிய வரலாறு

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை நடுவில் மாற்றினால், பழைய மருந்துக்கு வைரஸ் அடங்கவில்லை என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பார். தமிழ்நாட்டில் தொடக்க ஆண்டுகளில் நடந்தது பெரும்பாலும் அதுவல்ல. உடம்பு தாங்கவில்லை, கையில் காசில்லை, கூடவே காசநோய் வந்துவிட்டது என்ற காரணங்களே முன்னால் நின்றன.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986-ல் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் எச்.ஐ.வி. மருந்தான ஜிடோவுடின் அனுமதி பெற்றது. 1996 வாக்கில் மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் முறை அங்கே நிலைபெற்றது. இங்கோ விலை எட்டாத உயரம். வசதிக்கேற்ப ஒரு மருந்தோ இரண்டோ வாங்கிச் சாப்பிட்டவர்கள் உண்டு. அரைகுறைச் சிகிச்சை வைரஸுக்கு மருந்தை எதிர்க்கும் திறனைத்தான் வளர்த்தது. 2001-ல் சிப்லா நிறுவனம் மும்மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தபோது, மேலை நாடுகளில் அதன் விலை 10,000 டாலருக்கு மேல். மருந்துக்கல்ல, செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை என்ற 1970-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இதற்கு வழிவிட்டது.

2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு இலவசச் சிகிச்சையைத் தொடங்கியது. முதல் எட்டு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. 1928-ல் டாக்டர் சௌரிமுத்து காசநோய்க்காகத் தொடங்கிய சானடோரியம் அது. ரயில் நிலையத்துக்கு இன்றும் அந்தப் பெயர்தான். காசநோய் ஆஸ்பத்திரி எய்ட்ஸ் ஆஸ்பத்திரியாகவும் ஆனதில் வியப்பில்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் இந்நாட்டில் முதலில் நுழைவது காசநோய்தான்.

மருந்து இலவசம் என்றாலும் அதை வாங்கப் போவது எளிதல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து அச்சன்புதூர் போன்ற ஊரிலிருந்து தாம்பரம் ஓர் இரவுப் பயணம். பிறகு நெல்லை மருத்துவக் கல்லூரியிலேயே இந்தக் கூட்டு மருந்தைத் தரும் ஏ.ஆர்.டி. மையம் வந்தது. அப்போதும் தென்காசியில் பஸ் மாறி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் கூலி போய்விடும். அன்று மாதத்துக்கு 60 மாத்திரை. 95 சதவீதமாவது விழுங்க வேண்டியிருந்தது. அதாவது மூன்று வேளைக்கு மேல் தவறக் கூடாது. மையத்தில் மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்த்தது இதற்காகத்தான்.

அந்நாளில் பரவலாகக் கொடுத்த மாத்திரையில் ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின் மூன்றும் இருந்தன. விலை மலிவு, உயிரையும் காத்தது. ஆனால் மாதங்கள் போகப்போக ஸ்டாவுடின் தன் வேலையைக் காட்டும். பாதம் எரியும், மரத்துப்போகும். காலிலிருந்து செருப்பு கழன்றாலும் தெரியாது. கன்னத்துக் கொழுப்பு கரைந்து முகம் ஒட்டிப்போகும். சிறிய ஊரில் இது நோயைவிடப் பெரிய துன்பம். மறைத்து வைத்ததை முகமே சொல்லிவிடும். நெவிராபினால் உடம்பெங்கும் தடிப்பும் கல்லீரல் பாதிப்பும் வரலாம் என்பதால் முதல் 14 நாள் ஒரு வேளை மட்டுமே கொடுத்துப் பார்ப்பார்கள். ஸ்டாவுடினுக்குப் பதில் ஜிடோவுடின் தரலாம் என்றால் அது ரத்தசோகையைக் கொண்டுவரும். ஏற்கெனவே ரத்தம் குறைந்த பெண்களுக்கு அது ஆகாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நெவிராபினின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும் என்பதால், நெவிராபினை நிறுத்தி எஃபாவிரென்ஸ் கொடுக்க வேண்டியிருந்தது. எஃபாவிரென்ஸ் தலைசுற்றலையும் கெட்ட கனவையும் தந்தது.

சென்னை ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தின் நோயாளிகளைப் பற்றி 2006-ல் வெளியான ஆய்வு இதை உறுதிசெய்தது. மருந்து மாற்றியதற்கு முதல் காரணம் பக்கவிளைவு, அடுத்தது செலவு, சிகிச்சை தோற்றது அதற்கும் பின்னால்தான். உலக சுகாதார நிறுவனம் 2009-ல் ஸ்டாவுடினைக் கைவிடச் சொன்னது. பணக்கார நாடுகள் அதை வெகு முன்பே விட்டிருந்தன. ஏழை நாடுகள் அந்த மருந்தை அத்தனை காலம் வைத்திருந்ததற்கு விலையே பெரிய காரணம்.

மருந்து உண்மையிலேயே தோற்றால் அதைக் கண்டுபிடிப்பதும் எளிதாக இருக்கவில்லை. ரத்தத்தில் வைரஸின் அளவைக் காட்டும் வைரல் லோடு சோதனைக்குச் செலவு அதிகம் என்பதால், நோயெதிர்ப்புச் செல்களின் சி.டி.4 எண்ணிக்கையைத்தான் நம்பினார்கள். அது தொட்ட உச்சத்தில் பாதியாகக் குறைந்தால் சந்தேகம் வரும். ஆனால் வைரஸ் பெருகிப் பல மாதம் கழித்தே சி.டி.4 சரியும், அதற்குள் எதிர்ப்புத் திறன் ஊறிப்போயிருக்கும். வேறொரு தொற்று வந்தாலும் எண்ணிக்கை குறையும். அப்போது நல்ல மருந்தையே வீணாக மாற்றவும் வாய்ப்புண்டு. முதல் மருந்து தோற்றவர்களுக்கான இரண்டாம் நிலை மருந்து 2008-ல் தாம்பரத்திலும் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையிலும் மட்டும் தொடங்கியது. எல்லோருக்கும் இலவச வைரல் லோடு சோதனை என்ற திட்டம் 2018-ல்தான் வந்தது.

அதன் பிறகு காரணங்களின் வரிசையே மாறியது. 2020 முதல் டோலுடெக்ராவிர் சேர்ந்த, நாளுக்கு ஒன்றே விழுங்கும் மாத்திரை அரசு மையங்களுக்கு வந்தது. நன்றாக இருந்தவர்களுக்கும் மருந்து மாறியது. இம்முறை பழையதைவிட நல்ல மருந்து கிடைத்ததே காரணம். காசநோய் மட்டும் இன்னும் குறுக்கிடுகிறது: ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர் டோலுடெக்ராவிரை நாளுக்கு இன்னொரு வேளையும் சேர்த்து விழுங்க வேண்டும்.