ஒயின் கசந்த கதை: நாசிக் 2008

ஒயின் தொழிலில் செலவு முதலில், வரவு ரொம்பப் பிறகு. கொடி நட்டு நல்ல மகசூல் வரவே சுமார் மூன்று வருடம். அப்புறம் எஃகுத் தொட்டி, ஓக் பீப்பாய், பாட்டில், குளிரூட்ட மின்சாரம் என்று பணம் முடங்கிக்கொண்டே போகும்.

2001-இல் மகாராஷ்டிர அரசு இத்தொழிலுக்குத் தனிக் கொள்கை வகுத்து வரிச் சலுகை தந்தது. நாசிக் பக்கம் மளமளவென்று ஆலைகள் முளைத்தன. அவற்றை நம்பி விவசாயிகளும் ஒயின் ரகத் திராட்சை நட்டார்கள்.

2008-இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மும்பைத் தாக்குதல். சுற்றுலாவும் ஹோட்டல் வியாபாரமும் படுத்தன, ஒயின் தேங்கியது. நாராயண்காவில் 1980-களிலேயே ஸ்பார்க்ளிங் ஒயின் தயாரித்த முன்னோடி நிறுவனம் இண்டேஜ். ஆஸ்திரேலியா, பிரிட்டன் என்று கம்பெனிகளை வாங்கிப் போட்டிருந்த அது, கடன் சுமையில் நொடித்துப்போனது.

விவசாயி கதை இன்னும் மோசம். ஒயின் திராட்சை சிறியது, விதை உள்ளது. பழக்கடையில் விலை போகாது. ஆலை உற்பத்தியைக் குறைக்கலாம், கொடி காய்ப்பதை நிறுத்துமா? பலர் கொடியைப் பிடுங்கிவிட்டுச் சாப்பிடும் ரகத்துக்கே திரும்பினார்கள்.

வணிகவியலில் நிலைச் செலவு என்று படிக்கிறோமே, அது இதுதான் நண்பர்களே! ஆலை மட்டுமே வாங்கும் பயிரென்றால், ஆலையின் நஷ்டம் விவசாயி தலையில்தான் விடியும். ஒப்பந்தச் சாகுபடி பற்றிப் பேசும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ஆலை வாங்காவிட்டால் வேறு யார் வாங்குவார்?