இலங்கைக் கரடியும் சிவாலிக் மூதாதையும்

இலங்கைக் காடுகளில் வாழும் கரடியினம் ஒன்றே. இந்தியத் துணைக்கண்டத்துக்கே உரிய மெலர்சஸ் பேரினத்தைச் சேர்ந்தது அது. அப்பேரினத்தில் அழிந்துபோனதாக வைக்கப்படும் இனம் மெலர்சஸ் தியோபால்டி. இமயமலையடிவாரத்துச் சிவாலிக் படிவுகளில் கிடைத்த மண்டையோடு ஒன்றே அதற்கு முதன்மைச் சான்று. ரிச்சர்ட் லிடெக்கர் 1884இல் அதை விவரித்து, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் வில்லியம் தியோபால்டின் பெயரை இட்டார்.

அதன் காலம் பிளியோசீன் என்பாரும் பிளைஸ்டோசீனின் தொடக்கம் என்பாரும் உளர். அண்ணம் இன்றைய கரடியின் அளவே. பற்களோ அளவில் இன்றைய கரடிக்கும் ஏனைய கரடிகளுக்கும் இடைப்பட்டவை. இதனால் தியோபால்டியை இன்றைய கரடியின் நேர் மூதாதை எனச் சிலர் கொள்வர். ஒரு மண்டையோட்டை நம்பி அவ்வளவு சொல்லலாமா என்ற ஐயம் நியாயமானதே. அதே படிவுகளில் கிடைத்த அக்ரியோதீரியம், இந்தார்க்டோஸ் ஆகியவை இன்னும் பழைய, வேறு கிளைக் கரடிகள். 2017இல் வெளியான மரபணுத்தொகை ஆய்வு, கரடியினங்கள் பிரிந்த பின்னும் தமக்குள் கலந்திருப்பதைக் காட்டியது. ஆகவே கிளைகளின் வரிசையும் எளிதாக முடிவாவதில்லை.

இன்று வாழும் கரடியினத்தை முதலில் வகைப்படுத்திய ஜோர்ஜ் ஷா, 1791இல் இதை அசமந்த விலங்குகளின் பேரினத்தில் சேர்த்தார். நீண்ட நகங்களும், மேல்தாடையின் நடு வெட்டுப்பற்கள் இரண்டு இல்லாமையும் அதற்குக் காரணம். அந்த இடைவெளியே இதன் வாழ்வாதாரம். புற்றைப் பிளந்து, மூக்குத் துளைகளை மூடி, உதட்டைக் குழாயாக்கி மண்ணை ஊதித் தள்ளியபின் கறையானை உறிஞ்சும். அந்த ஒலி தொலைவிலேயே கேட்கும். உடல் சிறுத்து மயிர் குறைந்த இலங்கை வகையைப் புஷெரான் 1855இல் தனித் துணையினமாகப் பிரித்தார். கடல் தாழ்ந்திருந்த பனிக்காலங்களில் பாக்கு நீரிணை நிலமாக இருந்தது. இதன் முன்னோர் அவ்வழியே வந்திருக்க வேண்டும்.

இலங்கைக் கரடியைப் பற்றி விரிவாகப் பேசுபவை பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்துகளே. 1845 முதல் 1850 வரை குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட்டின் குறிப்புகள் அவற்றுள் தலையாயவை. காட்டு மக்கள் மிக அஞ்சியது கரடிக்கே என்கிறார். கரடி முகத்தையே குறிவைக்கும், விழுந்தவரின் கண்களை முதலில் தாக்கும். அதன் தலையில் அடிக்கவே வழிப்போக்கர் சிறு கோடாலி கொண்டு சென்றனர். ஆறாத் தழும்புடையோர் பலரை அவர் கண்டிருக்கிறார். யாழ்ப்பாணத்தருகே, விடியற்காலையில், உயர்ந்த கிளையொன்றில் அமர்ந்த கரடி முசுறு எறும்புக் கூட்டைப் பிய்த்து வாய்க்குள் திணித்ததை அவர் நண்பர் பார்த்தாராம். 1850இன் கடும் வரட்சியில் கரைச்சிப் பகுதிப் பெண்கள் கிணற்றுக்குப் போவதையே நிறுத்திவிட்டனர். இரவில் தாகத்தால் சரிவில் வழுக்கி இறங்கிய கரடி, இளகிய மண்ணில் ஏற முடியாமல் தண்ணீரிலேயே கிடப்பது அங்கு வழக்கமாகிவிட்டதாம். தாயின் தோள் நடுவிலுள்ள மயிர்க்கற்றையைக் குட்டிகள் பற்றிக்கொள்வதையும் அவர் எழுதத் தவறவில்லை.

மலைநாட்டில் கரடி இருந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மலைகளில் அதை அரிதாகவே காணலாம் என்பது டெனன்ட்டின் கூற்று. ஒருகாலத்தில் பரவலாக வாழ்ந்த கரடி, மேட்டுநிலக் காடுகள் கோப்பித் தோட்டங்களாகவும் பின்னர் தேயிலைத் தோட்டங்களாகவும் ஆனபின் ஒதுங்கியது என்பர் பிற்காலத்தார். டெனன்ட் எழுதியபோதே கோப்பிக்காகக் காடழிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது என்பதை இங்கு மறக்கலாகாது. ஹாலிஎல, பதுளை, பண்டாரவளை ஆகியவற்றைச் சூழ்ந்த மலைகளில் இன்று தேயிலையும் பத்தனைப் புல்வெளியுமே மிகுதி. பண்டாரவளைக் குன்றுகளில் வரலாற்றுக்கு முந்திய வேட்டைக்காரரின் படிகக்கல் கருவிகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன; ஆனால் அவை திறந்தவெளித் தலங்கள், எலும்பு நிலைத்திருக்க ஏற்ற மண் அங்கு இல்லை; ஆகவே கரடி அங்கு வாழ்ந்ததா என்பதற்கு அவை விடை தருவதில்லை.

இன்று கரடி வாழ்வது பெரும்பாலும் 300 மீற்றருக்குக் கீழான உலர்வலயக் காடுகளில். 2007இல் வெளியான கணக்கெடுப்பின்படி அதன் பரப்பு தீவின் நிலத்தில் 17 வீதத்துக்கும் குறைவு. பதுளை மாவட்டத்தில் மகியங்கனைக்கு அப்பாலுள்ள மாதுறு ஓயாக் காடும், தெற்கே யாலவும் அதன் புகலிடங்கள். யாலவில் பாலை மரம் பழுக்கும் யூன், யூலை மாதங்களில், கரடி மரமேறிப் பழம் தின்பதைப் பகலிலேயே காணலாம்.